1964-க்கு முன் இந்த வீடு யாருடையது? நத்தம் மனை, பழைய தஞ்சாவூர் ஜில்லா

முற்றம் கேட்டது:

வணக்கம். காவிரிப் படுகையில் ஒரு கிராமத்துத் தெரு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு. கையில் இருப்பவை மூன்றுதான்: 1964-இல் பதிவான கிரயப் பத்திரம், நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டா, வீட்டு வரி ரசீதுகள். பத்திரத்தில் விற்றவர், "எனக்குப் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்து வருகிற" என்று மட்டும் எழுதியிருக்கிறார். முன் பத்திர எண் எதுவும் இல்லை. இணையத்தில் பார்த்த வில்லங்கச் சான்று 1975-லிருந்துதான் வருகிறது, அதிலும் ஒன்றும் இல்லை.

கூரை மங்களூர் ஓடு. சில ஓடுகளின் அடியில் ஆங்கிலத்தில் 1865 என்று அச்சு. கூடத்து உத்தரத்தில் "நந்தன ௵ தை ௴ ௰௨ ௳" என்று செதுக்கியிருக்கிறது.

1964-க்கு முன் யார் யார் இருந்தார்கள், வீடு எப்போது கட்டியது என்று தெரிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

---

செக்குபந்தி பதில்:

பத்திரத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சொத்து விபரத்தின் முதல் வரியில் "தஞ்சாவூர் ஜில்லா, இன்ன ரிஜிஸ்டரேஷன் டிஸ்திரிக்ட், இன்ன சப் டிஸ்திரிக்ட்" என்று இருக்கும். 1964-இல் அந்தக் கிராமம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்தது என்பதற்கு அதுதான் சான்று. இன்றைய அலுவலகம் வேறாக இருக்கலாம். பலர் இன்றைய அலுவலகத்தில் மட்டும் மனுப் போட்டு "வில்லங்கம் இல்லை" என்று வாங்கிக்கொண்டு, பழைய பதிவே கிடையாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த அலுவலகம் எந்த ஆண்டு திறந்தது, அதற்கு முன் உங்கள் கிராமம் எதில் இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, காலத்துக்கேற்ற அலுவலகத்தில் தனித்தனியாக மனுக் கொடுக்க வேண்டும். 1991 முதல் பழைய தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று மாவட்டங்கள் பிரிந்ததால் பழைய வால்யூம்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1975-க்கு முந்தைய தேடல் கையால் செய்வது. படிவம் 22-இல் மனு. இதில் சர்வே எண்ணை மட்டும் எழுதினால் வீண். உங்களுடையது நத்தம். ஊர் முழுவதும் ஒரே சர்வே எண்ணுக்குள் இருந்திருக்கும், பழைய பத்திரங்களில் அந்த எண்ணைக்கூட எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே தெருவின் பெயர், எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), பழைய கதவிலக்கம் இருந்தால் அது, நான்கெல்லை, 1964-இல் விற்றவரின் பெயர், அவர் தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் மனுவில் எழுதுங்கள். கூடவே பெயர் வாரியாகவும் தேடச் சொல்லுங்கள். பதிவுத் துறையின் முதலாம் அட்டவணை எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களால் ஆனது. இரண்டாம் அட்டவணை சொத்தால் ஆனது. நத்தம் மனைக்கு முதலாம் அட்டவணைதான் கை கொடுக்கும்.

அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் ஒன்றாம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம், நகல் வாங்கலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சொத்தில் உங்களுக்குப் பாத்தியம் இருக்க வேண்டியதில்லை. உயில்கள் மூன்றாம் புத்தகம்: எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய ஏஜண்டுக்கும்தான் நகல், இறந்த பிறகு கேட்கிற எவருக்கும் கொடுக்கலாம். இறப்புக்கு ஆதாரம் கொண்டுபோக வேண்டும். அசையாச் சொத்து சாராத மற்றப் பத்திரங்களுக்கான நான்காம் புத்தகம் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்.

அடுத்தது "பிதுரார்ஜிதம்". தகப்பன் வழிச் சொத்து, ஆகவே விற்றவர் பெயருக்கு வந்ததற்குப் பத்திரமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் பாகம் பிரிந்திருப்பார்கள். பதிவான பாகப்பிரிவினை இருந்தால் ஒரே நகலில் இரண்டு மூன்று தலைமுறைப் பெயர்கள் கிடைத்துவிடும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு கூர்ச்சீட்டு (யாருக்கு எந்தப் பங்கு என்ற குறிப்பு) மட்டும் எழுதி வைத்திருந்தால் பதிவில் வராது.

அடமானங்களைத் தவற விடாதீர்கள். பரம்பரையாக வந்த வீட்டை விற்காமல் நான்கு தலைமுறை வைத்திருந்தவர்கள்கூடக் கல்யாணத்துக்கோ வழக்குக்கோ அடமானம் வைத்திருப்பார்கள். அடமானப் பத்திரம் பதிவானது. அதில் அன்றைய உடையவர் பெயர், தகப்பனார் பெயர், எல்லைகள், கடனுக்குக் காரணம் எல்லாம் வரும். 1930-களின் விலைவீழ்ச்சியில் கடன் அடைக்க முடியாமல் வீடுகள் கோர்ட் ஏலத்துக்குப் போயின. ஏலத்தின் விற்பனைச் சான்றிதழ் நகலைக் கோர்ட்டு சார்பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், அவர் ஒன்றாம் புத்தகத்தில் கோத்து வைப்பார் (89-ஆம் பிரிவு). அங்கிருந்து வழக்கு எண் கிடைக்கும்.

இனி வில்லங்கச் சான்றில் வரவே வராதவை: பதியாத உயில், வாரிசாக வந்தது, வாய்மொழிப் பாகம், பதியாத கோர்ட் டிக்ரி, ஓராண்டுக்கு உட்பட்ட வாடகை. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயமும் இதில் சேரும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் என்றால்தான் பதிவு கட்டாயம், அதற்குக் கீழே சுவாதீனம் கொடுத்தாலே போதும். அதனால் 99 ரூபாய் என்று எழுதிப் பதியாமல் விட்ட கிரயங்கள் கிராமங்களில் ஏராளம். சங்கிலி நடுவில் அறுந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பெண் ஒருவர் விற்ற பத்திரம் 1956-க்கு முன் வந்தால் நிதானமாகப் படியுங்கள். கணவன் சொத்தை அடைந்த விதவைக்கு அன்று ஆயுள்வரைக்கும் அளவான உரிமைதான். குடும்ப அவசியம் என்று காட்டினால்தான் விற்பனை நிற்கும். அதனால் பத்திரத்திலேயே கணவன் இறந்த காலம், விட்டுப்போன கடன்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த மகள் கல்யாணம் என்று விலாவாரியாக எழுதி வைப்பார்கள். வீட்டு வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆவணம் அபூர்வம். விதவைக்குப் பின் சொத்து சேர வேண்டிய பின்னுரிமை வாரிசுகள் பின்னால் வழக்குப் போட்டிருக்கவும் கூடும். அது ஹைகோர்ட் வரை போயிருந்தால், 1876 முதல் வரும் ஐ.எல்.ஆர். (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்) மெட்ராஸ் தொகுதிகளிலோ 1891 முதல் வரும் எம்.எல்.ஜே.யிலோ (மெட்ராஸ் லா ஜர்னல்) தீர்ப்பு அச்சாகியிருக்கலாம். கிராமத்துப் பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதித் தேடிப் பாருங்கள்.

---

அடங்கல் பதில்:

ரெவின்யூ பக்கம் சில சொல்கிறேன். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போங்கள்.

பழைய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேடு, ரீசெட்டில்மெண்ட் பதிவேடு, கிராம நிலங்களின் ஏ-பதிவேடு எதை எடுத்தாலும் உங்கள் மனையின் எண்ணுக்கு நேரே "நத்தம்" என்ற ஒரு சொல்தான் இருக்கும். குடியிருப்பு நிலத்துக்கு வரி கிடையாது, வரி இல்லாததால் தனித்தனிப் பெயரும் இல்லை. 1979-இல் தொடங்கிய யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம்) வேலையும் நத்தத்தைத் தொடவில்லை. அதன் பின் வந்த நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் மனை மனையாக அளந்து, முதலில் தோராயப் பட்டா, ஆட்சேபம் கேட்டுத் தூய பட்டா என்று கொடுத்தார்கள். ஆக, நத்தம் பட்டாவில் இருக்கிற பெயர் அளந்த நாளில் அனுபவித்தவர் பெயர். பின்னோக்கிப் போக அது உதவாது. அந்தத் திட்டத்துக்கு முன்பு உட்பிரிவு ஆகாத பழைய நத்தம் எண் என்ன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், சில பழைய பத்திரங்களில் அது வரும்.

உடையவரின் வயல் இருக்கிறதே, அது வழி. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட இரண்டு கட்டு வீட்டை வைத்திருந்தவருக்கு அதே கிராமத்தில் நஞ்சை இல்லாமல் இருப்பது அரிது. 1964-இல் விற்றவரின் தகப்பனார் பெயரை வைத்துக்கொண்டு ரீசெட்டில்மெண்ட் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர்களைப் பாருங்கள். பெயர் கிடைத்தால் அந்த வயல்களுக்குச் சர்வே எண் இருக்கிறது, சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போட்டால் குடும்பத்தின் பாகப்பிரிவினை மாட்டும், அந்தப் பாகப்பிரிவினையின் ஷெட்யூலில் வீடும் இருக்கும்.

கிராமம் இனாமாக (மானியமாகக் கொடுக்கப்பட்டதாக) இருந்ததா என்றும் விசாரியுங்கள். இருந்தால் 1860-களில் இனாம் கமிஷன் எழுதிய இனாம் ஃபேர் ரிஜிஸ்தர் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். அன்று யார் அனுபவித்தார், அவருக்கு முன் யார், யார் கொடுத்த மானியம், டைட்டில் டீடு எண் என்ன என்று வரும். கிராமத்தின் பெயரோடு அன்றைய தாலுகா பெயரும் தெரிந்திருக்க வேண்டும்; தாலுகா மாறியிருந்தால் தவறான கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். அதற்கும் முன், மராட்டியர் காலத்துக்குப் போக வேண்டுமென்றால் தஞ்சை சரஸ்வதி மகாலில் மோடி (மராத்தியைக் கூட்டெழுத்தாக எழுதிய பழைய எழுத்துமுறை) ஆவணங்கள் இருக்கின்றன. ஆனால் மோடி எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும், ஒரு தனி வீடு அதில் அகப்படுவதும் கடினம். கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆவணங்களில் ஆண்டு பசலியில் (வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கில்) வரும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்குகிற ஆங்கில ஆண்டு. ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை. பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன். ஜனவரியிலிருந்து ஜூனுக்குள் நடந்ததற்கு 591 கூட்ட வேண்டும், இங்கேதான் ஓர் ஆண்டு தவறும்.

---

கைமரம் பதில்:

ஓட்டில் இருக்கும் 1865-ஐ வீட்டின் வயதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. அதே ஆண்டை முத்திரையாகப் பல்லாண்டுகள் பொறித்துக்கொண்டே வந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் நிர்வாகம் காமன்வெல்த் டிரஸ்டுக்கு மாறிய பிறகும் அந்த 1865 ஓடுகளில் வந்தது. ஆகவே ஆண்டை விட்டுவிட்டுக் கம்பெனிப் பெயரைப் படியுங்கள். காமன்வெல்த் என்று இருந்தால் ஓடு போருக்குப் பிந்தையது. ஒரே கூரையில் நான்கு கம்பெனி ஓடு இருந்தால் உடைந்ததை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எது அதிகமோ அதுதான் முதலில் வேய்ந்தது, அதுவும் நிச்சயமில்லை.

இந்தக் கூரை முதலில் மங்களூர் ஓட்டுக்குத்தான் போட்டதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். பரண் ஏறி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கைமரங்களின் மேல்முகத்தைப் பாருங்கள். மங்களூர் ஓட்டுக்கு ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) ஏறத்தாழ ஓர் அடிக்கு ஒன்று போதும். நாட்டு ஓட்டுக்கு வரிச்சல் நெருக்கமாக அடித்திருப்பார்கள். இப்போதுள்ள ரீப்பர்களுக்கு நடுவே வெற்றாக ஆணித் துளைகளோ கட்டுக் கயிற்றின் தேய்மானமோ வரிசையாக இருந்தால், முன்பு நாட்டு ஓடு இருந்து பின்னால் மாற்றியது. அப்போது ஓடு சொல்வது மராமத்தின் காலம், வீட்டின் காலம் அல்ல. மரத்தில் வாள் தடத்தையும் பாருங்கள். ஆள் நின்று அறுத்த கைவாள் தடம் நேர்கோடாக, இடைவெளி ஒழுங்கில்லாமல் போகும். மில்லில் வட்ட வாளால் அறுத்தது வில் மாதிரி வளைந்த கோடுகளாக இருக்கும். வண்ணம் பூசாத இடத்தில்தான் இது தெரியும்; கூடத்துத் தூணில் தேடிப் பயனில்லை.

உத்தரத்து எழுத்து: ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௰௨ பன்னிரண்டு. நந்தன வருஷம் அறுபதாண்டுக்கு ஒரு முறை வரும்: 1832-33, 1892-93, 1952-53. வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆக 1892-93 நந்தனமானால் தை 12 என்பது 1893 ஜனவரி பிற்பாதி. 1892 என்று எழுதிவிடாதீர்கள். இதை 1833 என்றோ 1953 என்றோ எடுக்கவும் எழுத்து இடம் கொடுக்கிறது. பக்கத்தில் கிழமையோ நட்சத்திரமோ செதுக்கியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்து ஒன்றை உறுதி செய்யலாம். எழுத்தின் மேல் சுண்ணாம்பு படிந்திருந்தால் சுரண்ட வேண்டாம். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள்.

உத்தரம் வேறு வீட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. நல்ல மரத்தை யாரும் எறிவதில்லை. இரண்டு முனையும் சுவருக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தொடர்பில்லாத பழைய துளையோ வெட்டோ இருக்கிறதா என்று பாருங்கள்.

---

முற்றம்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஓடுகளில் காமன்வெல்த் என்றுதான் இருக்கிறது. உத்தரத்தில் கிழமை இல்லை. சொத்து விபரத்தைப் பெயர்களை விட்டுவிட்டுத் தருகிறேன்:

"கிராமநத்தம் தெற்குத் தெரு வடசிறகில், இன்னார் மனைக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு, இன்னார் வகையறா மனைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இதன் மத்தியில் கிழமேலடி தச்சு முழம் 11, தென்வடலடி தச்சு முழம் 60 உள்ள மனையும், ௸ மனையில் கட்டியுள்ள ஓட்டு வில்லை வீடும்."

நத்தம் பட்டாவில் 390 சதுர மீட்டர். இது சரியாக வருகிறதா?

---

செக்குபந்தி பதில்:

௸ என்பது மேற்படி. பழைய பத்திரம் முழுக்க வரும்.

அளவை முதலில் முடித்துவிடுவோம். தச்சு முழம் 33 அங்குலம், அதாவது இரண்டே முக்கால் அடி. கிழமேல் 11 என்றால் 30¼ அடி, தென்வடல் 60 என்றால் 165 அடி. மொத்தம் 4,991 சதுர அடி, சுமார் 464 சதுர மீட்டர், பதினொன்றரை சென்ட் அளவு. பட்டாவில் 74 சதுர மீட்டர் குறைகிறது. அகலம் மாறாமல் இருந்தால் நீளத்தில் 26 அடி போயிருக்கிறது. கொல்லைப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் அளந்து பாருங்கள்: நத்தம் அளவையின்போது வாய்க்கால் புறம்போக்கில் சேர்ந்திருக்கலாம், அல்லது 1964-க்குப் பின் யாருக்கோ விட்டிருக்கலாம். சாதாரண முழம், 18 அங்குலம் என்று வைத்துக் கணக்கிட்டால் மனை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும், அந்தக் குழப்பம் வேண்டாம்.

எல்லையைப் படிக்கும் முறை மிக முக்கியம். "இன்னார் மனைக்குக் கிழக்கு" என்றால் அவர் வீட்டுக்குக் கிழக்கே உங்கள் வீடு. அவர் இருப்பது உங்களுக்கு மேற்கில். இப்போது கணினியில் அடிக்கிற பத்திரங்களில் "கிழக்கில்: இன்னார் வீடு" என்று போடுகிறார்கள், அது நேர் எதிர். பழையதிலிருந்து புதியதற்கு எடுத்து எழுதும்போது இரண்டையும் கலந்து, கிழக்கு வீட்டுக்காரரை மேற்கே கொண்டு வைத்த பத்திரங்கள் நிறைய உண்டு. உங்களுக்குச் சரிபார்ப்பு எளிது: வடசிறகு வீட்டுக்குத் தெரு தெற்கில் இருக்க வேண்டும், "தெருவுக்கு வடக்கு" பொருந்துகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கே நேரான வழி. உங்கள் வீட்டுக்குப் பத்திரம் இல்லாமல் போகலாம், பக்கத்து வீடுகளுக்கும் அப்படியே என்று இல்லை. அவை விற்கப்பட்ட ஒவ்வொரு முறையும், அடமானம் போன ஒவ்வொரு முறையும், அந்தப் பத்திரத்தின் நான்கெல்லையில் உங்கள் வீட்டின் அன்றைய உடையவர் பெயரை எழுதியாக வேண்டும். ஆகவே மேற்கு வீடு, கிழக்கு வீடு இரண்டுக்கும் சேர்த்து வில்லங்கம் போடுங்கள். உங்கள் பத்திரத்தில் வருகிற அந்த இரண்டு பெயர்களையும் கொடுத்து முதலாம் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். ஒன்றாம் புத்தகம் பொதுவானது என்பதால் அவர்கள் அனுமதி தேவையில்லை; ஆனால் போய்ச் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது, பலருடைய பெட்டியிலேயே மூலப்பத்திரம் இருக்கும், நகலுக்கு அலைய வேண்டாம்.

கிடைக்கிற ஒவ்வொன்றையும் ஒரு தாளில் ஆண்டு, உங்கள் பக்கம் எழுதியுள்ள பெயர், உங்கள் மனையைக் குறித்த சொல் என மூன்று கட்டத்தில் எழுதி வாருங்கள். அந்த மூன்றாவது கட்டம் வீட்டின் வயதைப் பிடித்துக் கொடுக்கும். பக்கத்து வீட்டின் 1880-களின் பத்திரம் உங்களைப் "பாழ்மனை" என்றும், 1900-களின் பத்திரம் "வீடு" என்றும் சொன்னால், கைமரம் சொன்ன 1893 உறுதிப்பட்டுவிடும். உங்கள் வீட்டு அடமானங்களிலேயே ஓரிடத்தில் கூரை வீடு, அடுத்ததில் ஓட்டு வீடு என்று மாறினால் ஓடு ஏறிய காலம் இரண்டு தேதிக்கு நடுவில் சிக்கிவிடும். பழக்கத்தால் பழைய வாசகத்தையே பார்த்து எழுதுகிற பத்திர எழுத்தர்களும் இருந்தார்கள், அதனால் ஒரே ஒரு பத்திரத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள். எல்லையில் செத்தவர் பெயர் இருபது ஆண்டு நீடிப்பதும் உண்டு.

"வகையறா" என்று வந்தால் கூட்டுக் குடும்பம் அல்லது பாகம் பிரியாத பங்காளிகள். அதே இடத்தில் அடுத்த பத்திரத்தில் தனிப் பெயர் வந்தால் நடுவில் பாகம் பிரிந்திருக்கிறது, அந்த ஆண்டுகளை மட்டும் குறித்துத் தேடச் சொல்லலாம்.

நகல் வாங்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் உள்ள ஆவண எண், ஆண்டு, வால்யூம், பக்கம் நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய வால்யூம் குமாஸ்தா கையால் பார்த்து எழுதிய நகல். ஓரம் உதிர்ந்திருந்தால் படித்த மட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அசல் எங்காவது கிடைத்தால் முத்திரைத் தாளின் பின்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். முத்திரைத் தாள் யார் பெயரில் எந்த ஊரில் வாங்கப்பட்டது, பதிவாளர் முன் யார் அடையாளம் காட்டினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும், பதிவுப் புத்தக நகலில் அவ்வளவும் தெளிவாக வராது.

முதல் மனுவை 1900 முதல் 1975 வரைக்குக் கொடுங்கள். பெயர்கள் கிடைத்த பிறகு 1865 வரை பின்னுக்குப் போகலாம். அதற்கு முன் இன்றைய முறையிலான பதிவு கிடையாது.

---

அடங்கல் பதில்:

74 சதுர மீட்டர் குறைவுக்கு ஒன்று. வாய்க்காலின் சர்வே எண்ணுக்கு எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தகம்) வரைபடம் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து வாங்குங்கள். பழைய வரைபடத்தில் அளவு லிங்க்ஸில் இருக்கும்: ஒரு லிங்க் 7.92 அங்குலம், 100 லிங்க் 66 அடி. வாய்க்காலின் பழைய அகலத்தையும் இன்று தரையில் உள்ள அகலத்தையும் ஒப்பிட்டால் 26 அடி எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துவிடும்.